கிங்ஸ்டனில் ஒரு ‘போய்ட்டு வர்றேன்’

பயந்தவனுக்கு வழி தவறாது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். தைரியசாலி நேரே பார்த்துக்கொண்டு போவான். திரும்பி வரும்போது அதே தெரு அவனுக்கு வேறு முகம் காட்டும், முழிப்பான். பயந்தவன் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, பின்னால் பார்த்து, வரும்போது இந்த இடம் எப்படித் தெரியும் என்று மனசில் வாங்கிக்கொண்டுதான் அடுத்த அடி எடுத்து வைப்பான். ஆம்பூரில் சின்ன வயசிலிருந்தே எனக்கு இந்தப் பழக்கம். "இன்னாடா, பின்னாடி போலீஸ் வருதா?" என்று என் தோஸ்த் கேலி செய்வான். செய்துவிட்டுப் போகட்டும். ஜமைக்கா தீவில் கிங்ஸ்டன் என்ற பட்டணத்தை நான் தன்னந்தனியாகச் சுற்றியது இந்தப் பழக்கத்தை வைத்துத்தான். ஒரு சந்தில்கூடத் தொலையவில்லை.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கடல் தாண்டிப் போன கதை பெரிய கதை இல்லை. எங்கள் டேனரியில் நான் தோலுக்குச் சாயமும் மெருகும் ஏற்றுகிற வேலையில் இருந்தேன். எண்பதுகளின் நடுவில், எங்களிடம் தோல் வாங்கிக்கொண்டிருந்த கிங்ஸ்டன் செருப்புக் கம்பெனி ஒன்று, மெருகு வேலையை இனி நாங்களே செய்துகொள்கிறோம், கற்றுக்கொடுக்க ஒரு கைகாரனை ஆறு மாசத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டது. இங்கிலீஷ் தெரிந்த மேஸ்திரி ஒருவருக்கு முதலில் சொன்னார்கள். அவர் மனைவிக்குப் பிரசவ நேரம், மாட்டேன் என்றுவிட்டார். அது என் தலையில் வந்து விழுந்தது.

"எனக்கு இங்கிலீஷ் வராதே மொதலாளி" என்றேன்.

"தோலுக்கு வருமாடா?" என்றார் முதலாளி.



கிளம்புகிற அன்று அரக்கோணம் வரை எல்லோரும் கூட வந்தார்கள். ரயிலில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "எங்க இருந்தாலும், எவன் வூட்ல இருந்து கெளம்பினாலும், போறேன்னு மட்டும் வாய்ல வரக் கூடாது. போய்ட்டு வர்றேன்னு சொல்லு."

அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஒரு நாள் காலையில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு அப்பா, "நான் போறேன் போ" என்று கத்திவிட்டு வேலைக்குப் போனார். டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி ஓரத்தில் வழுக்கி விழுந்து, காலை உடைத்துக்கொண்டு, மாட்டு வண்டியில் படுத்தபடி திரும்பி வந்தார். தரை ஈரமாக இருந்தது என்பதை அம்மா கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வார்த்தைதான் காலை உடைத்தது என்பது அவள் கட்சி. எனக்கும் அந்தக் கட்சிதான். இப்போதும் கடைத்தெருவுக்குப் போவதென்றால்கூட நான் போறேன் என்று சொல்லமாட்டேன்.

கிங்ஸ்டனில் ஒரு விதவையம்மா வீட்டில், தெருவைப் பார்த்த அறையில் எனக்கு இடம் பார்த்து வைத்திருந்தார்கள். நல்ல உயரம், நல்ல கனம், குரல் தெருமுனை வரை கேட்கும். தையல் வேலை செய்து பிழைத்தவர். கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர். நான் அவரை அம்மா என்றேன், அவர் என்னை இந்தியா என்றார். அவர் பேசியது இங்கிலீஷ்தான், ஆனால் அந்த ஊர் இங்கிலீஷ். முதல் மாசம் காது அடைத்தது, அப்புறம் திறந்துகொண்டது. அவர் பேச்சை இங்கே எங்கள் ஊர்ப் பேச்சாகவே எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் விழுந்தது.

தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கதவருகில் நின்று, "அம்மா, கோ அண்ட் கம்" என்பேன். போய்ட்டு வர்றேன் என்பதற்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அதுதான். அந்தம்மாவும் தலையாட்டுவார். சொன்னபடி சாயங்காலம் வந்துவிடுவேன். இருட்டினால் பயம், ஆகையால் தாமதமே கிடையாது. அந்த ஊரில் இது பெரிய அதிசயம். அங்கே எல்லோருக்கும் வாயில் ‘சூன் கம்’ என்று ஒரு வார்த்தை உண்டு. இதோ வந்துட்டேன் என்று அர்த்தம். மெஷின் பழுது பார்க்கிறவர் ஒருநாள் சூன் கம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வாசலில் நின்று சாயங்காலம் வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் அடுத்த வாரம் வந்தார்.

அதைவிடப் பயங்கரமான வார்த்தை ஒன்றும் அங்கே இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது ஒவ்வொருவனும், "மீ கான்" என்பான். நான் போயாச்சு! நம் ஊரில் செத்தவனைப் பற்றி அடுத்தவன் சொல்கிற வார்த்தை. இவர்களோ உயிரோடு நின்று, சிரித்துக்கொண்டே, தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். முதல் சில நாள் நான் வாசலிலேயே நின்று தலைகளை எண்ணினேன். காலையில் அத்தனை பேரும் முழுசாக வந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும்.

வேலை ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. விமானம் திங்கட்கிழமை. வெள்ளி சாயங்காலம் வீட்டம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"திங்கக்கெழம மெட்ராஸ்" என்றேன். வழக்கப்படி, "கோ அண்ட் கம்."

அவர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்டியா? சரி சரி" என்றார். முகம் மலர்ந்து இருந்தது. வருத்தத்தைக் காட்டாமல் சிரிக்கிறார், எவ்வளவு நல்ல மனசு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் பட்டணம் பார்க்கக் கிளம்பினேன். அதுவரை எனக்குத் தெரிந்த கிங்ஸ்டன் அறையும் கம்பெனியும் இரண்டுக்கும் நடுவில் ஓடும் மினி பஸ்ஸும்தான். அங்கே போகாதே, இங்கே நிற்காதே என்று எல்லோரும் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். எனக்குப் பயமுறுத்தல் தேவையே இல்லை, கையிருப்பே நிறைய உண்டு. ஆனால் மாசக்கணக்காக பஸ் ஜன்னலில் உட்கார்ந்து எந்தத் தெருவில் பெண்பிள்ளைகள் தனியாக நடக்கிறார்கள், எந்தத் தெருவில் கதவுகள் சாத்தியே இருக்கின்றன என்று பார்த்து வைத்திருந்தேன். வடக்கே மலை, தெற்கே கடல். ஆம்பூரிலும் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாலாறு. மலையும் தண்ணீரும் இருக்கிற ஊரில் ஆம்பூர்க்காரனுக்குத் திசை குழம்பாது. ஆற்றில் தண்ணீர் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

மினி பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயரைத் திருப்பித் திருப்பிக் கத்தினான். வேலூர் பஸ் ஸ்டாண்டில் "பாகாயம் பாகாயம்" என்று கத்துகிறவனின் கூடப் பிறந்தவன் போல இருந்தான். பெரிய மார்க்கெட் அருகே இறங்கினேன். தள்ளுவண்டிகளுக்கு மோட்டார் கார் ஸ்டீயரிங் பொருத்தி, நடுத்தெருவில் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஹாரன் வாயால். எதிரே வந்த வண்டிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "ஏ கூலி மேன், ஓரம் போ!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பரிசுத்தமான தமிழ் வார்த்தை, அதுவும் தப்பாக! "நோ கூலி! மந்த்லி சேலரி!" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். சுற்றி இருந்த கடைக்காரிகள் எல்லாம் கூடையில் சாய்ந்து சிரித்தார்கள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்த நம் ஆட்களுக்கு அங்கே நிரந்தரமாகவே அந்தப் பெயர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும், என் பதில் சரியான பதில் என்றே நினைக்கிறேன்.

மார்க்கெட்டில் நான் பார்த்தது முக்கியமாகக் கால்களை. தோல்காரன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்ப்பான். இந்தச் செருப்பு ஆட்டுத்தோல், இது மாட்டுத்தோல், இது தோலே இல்லை ரெக்ஸின், இதன் மெருகு முதல் மழையில் உரியும். ஒரு பெரியவர் போட்டிருந்த பழுப்பு ஷூவின் நிறம் நான் கலக்கிக் கொடுத்த நிறம். அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தேன். மடிப்பு விழுகிற இடத்தில் வெடிப்பு இல்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவர் திரும்பி முறைத்தார், நான் கீரைக்கடைப் பக்கம் ஒதுங்கினேன்.

அந்த ஊரில் கல்லலூ என்று ஒரு கீரை விற்கிறார்கள். நம் முளைக்கீரைதான், வேறொன்றுமில்லை. கடைக்காரி எங்கள் வீட்டம்மாவின் கோயில் சிநேகிதி. வீட்டுக்கு வந்து போகிறவர்.

"ஏ இந்தியா! இங்க இன்னா பண்ற? மூட்டை கட்டலியா?"

"கட்டிட்டேன்."

"எல்லாத்தையும் கட்டாத. அதான் திரும்பி வரப்போறியே, கனமானதெல்லாம் இங்கயே போட்டுட்டுப் போ."

எனக்குப் புரியவில்லை. "யாரு வர்றாங்க?"

"யாரா? நீதான்! உங்க வூட்டம்மா தெரு முழுக்க சொல்லிட்டா. என் இந்தியா திங்கக்கெழம போய்ட்டு வர்றான், அவன் சொன்னா சொன்னதுதான், இந்த ஊரு சூன் கம் பசங்க மாதிரி இல்லன்னு. நேத்து ராத்திரியே அந்த டீச்சர் பொண்ண வேணாம்னு அனுப்பிட்டா."

"எந்த டீச்சர்?"

கீரைக்காரம்மா கட்டுகளை அடுக்கியபடி சொன்னார். மலைக் கிராமத்துப் பெண். எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பள்ளி திறக்கப் போகிறது. ஒழுங்கான ஒரு பொம்பளை வீட்டில் அறை கிடைத்தால்தான் இருக்கலாம், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பி வந்துவிடு என்று அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டம்மாவை நம்பித்தான் அவள் வந்தாள். என்னால் அறை இல்லை என்று ஆகிவிட்டது.

கீரையை வாங்கினேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. வெள்ளிக்கிழமை அந்தம்மா முகம் மலர்ந்ததன் அர்த்தம் அங்கேதான் விளங்கியது. நான் சாஸ்திரத்துக்குச் சொன்னேன். அவர் சத்தியமாக எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளும்படி மாசக்கணக்காக ஒவ்வொரு நாளும் சொன்னதைச் செய்தும் காட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கொண்டுபோயிருந்த புது குடியாத்தம் லுங்கி ஒன்றை முன்பே அவருக்குக் கொடுத்திருந்தேன். அதைப் பிரித்து ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டிருந்தார்.

"நீ திரும்பி வந்து படுக்கும்போது உன் ஊர்த் துணி கண்ணுல படணும்" என்றார்.

"அம்மா... நான் போறது..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டேன். பயணத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது அந்த வார்த்தை! அதுவும் ஆகாயத்தில் போக வேண்டியவன்! "வர்றதுக்கு நாளாவும்மா."

"எத்தினி நாளு?"

"ஜாஸ்தி ஆவும்."

"ஆவட்டும். ரூம் இன்னா, எழுந்து ஓடிடுமா?"

நான் சாப்பிடாமல் படுத்தேன். பச்சைக் கட்டம் போட்ட லுங்கி ஜன்னலில் ஆடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போனதும் நான் துறைமுகத்துக்குப் போய்ப் படகு ஏறினேன். எதிர்க்கரையில் போர்ட் ராயல் என்ற பழைய ஊர். ஒரு காலத்தில் பூமி அதிர்ந்து பாதி ஊர் கடலுக்குள் போய்விட்டதாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போவது என்று வெகு நாளாக நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால், மிச்சமிருந்த பாதி ஊரில் ஜனங்கள் உட்கார்ந்து மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு வீட்டு வாசலில் மீன் பொரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து வலையோடு ஒருவர் வந்தார், அந்த மீன்காரம்மாவின் வீட்டுக்காரர். "மீ கான்" என்று சொல்லிவிட்டுப் படகுப் பக்கம் நடந்தார். அந்தம்மா சட்டியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

கடலுக்குப் போகிறவன்! என்னால் பொறுக்கமுடியவில்லை. கையும் வாயுமாகக் கேட்டேன்: "இன்னாம்மா, போயாச்சுன்னு சொல்லிட்டுப் போறாரு, நீ பாட்டுக்கு உக்காந்துனு இருக்கியே? வர்றேன்னு சொல்ல வேணாமா?"

அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வர்றேன்னு சொன்னா ஓட்டைப் படகு மெதக்குமா?"

"மெதக்காது."

"போயாச்சுன்னு சொன்னா நல்ல படகு முழுவுமா?"

"முழுவாது."

"அப்ப மீனைத் தின்னு. ஆறிப் போவுது."

திரும்பி வரும் படகில் நான் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். என் நம்பிக்கை போய்விடவில்லை, இன்றுவரை போகவில்லை. ஆனால் அங்கே இருந்த நிலைமை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மீ கான் என்று சொன்னவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். கோ அண்ட் கம் என்று சொன்ன நான்தான் வரப் போவதில்லை. என் வார்த்தைக்கு என் காலைக் காப்பாற்றுகிற சக்தி இருக்கிறதோ இல்லையோ, ஒரு பெண்ணின் வேலையைக் கெடுக்கிற சக்தி கண்டிப்பாக இருக்கிறது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பயந்தவன் ஆகையால் கொஞ்சம் பந்தோபஸ்தும் செய்துகொண்டேன். பயண நாளில் சொல்லக் கூடாது, இன்றே சொல்ல வேண்டும். வாசலில் நின்று சொல்லக் கூடாது. உட்கார்ந்து, சாப்பிடும்போது சொன்னால் அது கிளம்புகிற பேச்சாகாது. என் அம்மா இருந்திருந்தால் இதில் ஓட்டை கண்டுபிடித்திருப்பாள். அவள் ஆம்பூரில் இருந்தாள்.

மத்தியானம் தேங்காய்ப்பாலில் பயறு போட்டு வேகவைத்த சோறும் கோழியும். எங்கள் பிரியாணிக்கு உறை போடக் காணாது, ஆனாலும் ருசியான சோறு. பாதித் தட்டு காலியானதும் சொன்னேன்.

"அம்மா, நான் திரும்பி வரமாட்டேன். ரூமை அந்த டீச்சருக்குக் குடுத்துடுங்க."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கெழம போய்ட்டு வர்றேன்னு சொன்ன."

"சொன்னேன்."

"பொய்யா?"

"பொய் இல்லம்மா. எங்க ஊர்ல எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க. வராதவங்களும் சொல்லுவாங்க. போறேன்னு சொன்னா ஆகாது."

"சொன்னா இன்னா ஆவும்?"

அப்பா கதையைச் சொன்னேன். வண்டியில் படுத்துக்கொண்டு வந்ததைச் சொல்லும்போது நான் காலை நீட்டிக் காண்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. 

"எனக்கு நீ வந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

"தெரியும்மா."

"உங்க ஊர்ல அத்தினி பேரும் பொய்யனுங்களா?"

"ஆமாம்மா. மரியாதைக்காரப் பொய்யனுங்க."

அப்போதுதான் சிரித்தார். தெருமுனை வரை கேட்டிருக்கும். உடனே நிறுத்திவிட்டு எழுந்தார். "சாப்ட்டது போதும். அந்தப் பொண்ணு நாளைக்குக் காலையில ஊருக்கு பஸ் ஏறிடும். அத்தை வூட்ல இருக்கா, அங்க தங்க எடம் இல்ல. மணிக்கூண்டைத் தாண்டி ஒரு ரொட்டிக்கடை, அதுக்கு எதிர்ச் சந்துன்னு சொன்னா. எனக்கு முட்டி வலி. நீ போய்க் கூட்டினு வருவியா? தொலைஞ்சிட மாட்டியே?"

"நான் எங்கம்மா தொலையறது?" என்றேன்.

மணிக்கூண்டு எனக்குத் தெரியும், தினமும் பஸ்ஸில் தாண்டுவேன். ரொட்டிக்கடையை மூக்கு கண்டுபிடித்தது. டேனரியில் வளர்ந்த மூக்குக்கு நல்ல வாசனை எல்லாம் தூரத்திலேயே தெரியும். எதிர்ச் சந்தில் தகர வேலிகளுக்கு நடுவில் விசாரித்துக்கொண்டே போனேன். ஒல்லியாக ஒரு பெண் கதவைத் திறந்தாள். பின்னால் கட்டிவைத்த பெட்டி தெரிந்தது.

"ரூம் இருக்கு. வாங்க" என்றேன்.

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "அந்த வூட்ல இருக்கற இந்தியாக்காரர் திரும்பி வர்றாருன்னு சொன்னாங்களே?"

"அந்த இந்தியாக்காரன் நான்தான். வரல. போறேன்."

சொன்ன பிறகுதான் கவனித்தேன். நின்றுகொண்டு, வாசலில், தெளிவாகச் சொல்லியிருந்தேன். என் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். இரண்டும் ஒழுங்காகத்தான் இருந்தன. அவள் அத்தை என்னை நிற்க வைத்து, என் பெயர் முதல் வீட்டம்மாவின் கோயில் வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்க விட்டார். வரும் வழியெல்லாம் நானே முன்னால் நடந்தேன். எந்தத் திருப்பத்தில் தெருநாய், எந்த மூலையில் தண்ணீர்க் குழாய், எந்த பஸ் மார்க்கெட்டுக்குப் போகும், எல்லாம் காட்டினேன். வந்து சேர்ந்த நாளில் எனக்கு இதைக் காட்ட ஆளில்லை.

திங்கட்கிழமை காலையில் கம்பெனிக் கார் வந்தது. டீச்சர் பெண் என் மூட்டையை வண்டியில் வைத்தாள். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பழையதைச் சொன்னால் பொய். புதியதைச் சொல்ல, விமானம் ஏறுகிற நாளில், தைரியம் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கும்பிட்டேன்.

"இன்னா, ஊமையாயிட்ட?" என்றார். "சரி, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்றேன்." தொண்டையைச் செருமிக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்: "கோ அண்ட் கம், இந்தியா!"

அந்தத் தெருவில் அது பொய் என்று தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

"மீ கான்" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அது என் பாஷை இல்லை, ஆகையால் என் அம்மாவின் கணக்கில் சேராது என்று காரில் உட்கார்ந்த பிறகு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கார் நகர்ந்து தெருமுனையில் திரும்பியது. பழக்க தோஷம், பின்னால் திரும்பிப் பார்த்தேன். பெரிய இலைகளோடு ஈரப்பலா மரம், பக்கத்தில் நீலத் தகரக் கதவு, ஜன்னலில் பச்சைக் கட்டம். போகும்போது மரம் இடது கைப் பக்கம் இருக்கிறது. வரும்போது வலது கைப் பக்கம் வரும்.